ஏன் எடுக்கவில்லை என்று கேட்கப் போன கதை

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நான்கு வார்த்தை சொல்கிறேன் என்றால், எங்களைத் தெரிந்தவர்கள் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் பொருத்தம் அப்படி. எனக்கு வாய் ஓயாது, அவருக்கு வாயே திறக்காது. நான் ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்குள் பாதிக் கதையை முடித்துவிடுவேன். அவர் ஒரு வீட்டுக்கு வந்து போனால், வந்து போனதே மறுநாள்தான் தெரியும். என் கணவருக்கு மூத்தவர் என்பதால் அண்ணி என்று கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் திரும்புவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகவே இருந்தார். ஒரு பெரிய ஓட்டலின் சலவை அறையில் வேலை. பெரிய ஓட்டல் என்றதும் பளபள தரையும் பூச்செண்டும் நினைவுக்கு வரும். அண்ணியின் ஓட்டல் அதற்குக் கீழே இருந்தது. பின்பக்கத்துப் படி வழியாக இறங்கினால் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை, இரண்டு துவைக்கும் இயந்திரங்கள், ஒரு டிரையர், ஒரு மேஜை. அழுக்குத் துணி மேலிருந்து ஒரு குழாய் வழியாகத் தொப்பென்று கூடையில் விழும். துவைத்து மடித்ததை ஒரு சின்ன லிஃப்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் மேலே போய்விடும். யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று தெரியாது. மேலே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் குழாயில் விழுகிற துணிதான் அத்தாட்சி.

ஆரம்பத்தில் அவருடன் இன்னொரு பெண்ணும் வேலை செய்தாள். கட்டில் விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி கையிலிருந்து மற்றவள் முனையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் கல்யாணமாகி வெளியூர் போனாள். அடுத்த மாதம் ஆள் போடுகிறோம் என்றார் மேனேஜர். அந்த மேனேஜர் மாறினார், அடுத்தவர் வந்தார், அவரும் அதையே சொன்னார். அதற்குள் அண்ணி தனியாக மடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். விரிப்பின் விளிம்பைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து ஓரம் வரை ஓட்டி, முனையோடு முனை சேர்த்து, வயிற்றோடு அணைத்து இரண்டு தட்டு. கண் மூடித் திறப்பதற்குள் இஸ்திரி போட்டது போல ஒரு சதுரம் மேஜையில் இருக்கும். ஒருத்தியே இரண்டு பேர் வேலையைச் செய்கிறாள் என்றால் எந்த முதலாளி இன்னொருத்தியைப் போடுவான்? இதை நான் அவரிடம் அப்போதே சொன்னேன். "சத்தம் இல்லாம இருக்கு" என்றார். அவ்வளவுதான் பதில்.

இப்படி ஒரு மனுஷி வீட்டுக்குள் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் அவர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எழுந்தார், விளக்கை அணைத்தார், காற்றாடியை அணைத்தார், மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். நான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்! இன்னொரு நாள் எனக்கு எதிரிலேயே தேநீர் போட்டு, ஒரே ஒரு டம்ளரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். முகத்தில் அடித்தாற்போல இருந்தது. அழுத்தக்காரி, தம்பி பெண்டாட்டி என்றால் இளக்காரம் என்று வீட்டுக்கு வந்து என் கணவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "அக்கா அப்படித்தான்" என்று அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள். மேலே என்ன நடந்ததோ, அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் குழாயில் துணி விழுவது நின்றதுதான். அன்று மாலை வரை கூடைக்குப் பக்கத்தில் காத்திருந்துவிட்டு, மேலே ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம்.

வேலை இல்லாமல் அந்த அறையை வைத்துக்கொள்ள முடியாது. என் கணவர், "எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்றார். எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது ஒரு பின்னறை. அதில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது, வெட்டின துணியும் வெட்டாத துணியும் இருக்கிறது, என் நிம்மதியும் இருக்கிறது. எனக்கு அவர் வருவதில் துளிகூட விருப்பமில்லை. அவருக்கும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தம்பி பேசி முடித்ததும், "முதல்ல வேலை பாக்கிறேன்" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். வாழ்க்கையில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

வேலை வந்தது போலத்தான் இருந்தது. மருத்துவமனைத் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிற ஒரு சலவைக்கூடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டச் சொன்னார்கள். போய்விட்டுத் திரும்பும்போது நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவே அதிசயம். வந்து, தானாக வாயைத் திறந்தார்.

"மலையா குமிச்சு வெச்சிருந்தாங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டேன். அங்க இருக்கிற யாருக்கும் அந்த வேகம் இல்ல" என்றார்.

அண்ணி தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. பின்னறை தப்பித்தது என்பது ஒரு பக்கம், ஆனால் அது மட்டும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கள் வருகைக்கு நன்றி, தற்போது தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலவில்லை, வாழ்த்துகள். வாழ்த்து வேறு! அதை எனக்குப் போனில் படித்துக் காட்டினார். படித்து முடித்துவிட்டு, "ஏன்னு போடலையே" என்றார்.

"அதெல்லாம் போட மாட்டாங்க அண்ணி. வேற இடம் பாருங்க."

"ஏன்னு தெரியாம வேற இடத்துக்கு எப்படிப் போறது?"

அதன் பிறகு அவர் காரணங்களைத் தானாகவே தேட ஆரம்பித்தார். நரை தெரிந்ததோ என்று தலைக்குச் சாயம் பூசினார். பழக்கமில்லாத கை, நெற்றியிலும் காதிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் போகவில்லை. செருப்பு வார் பிய்ந்திருந்ததைப் பார்த்திருப்பார்களோ என்று அதைத் தைத்து வாங்கினார். பல்லில் ஒரு சந்து இருந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதால் வாயைக் கையால் மறைத்துப் பேசப் பழகினார். பேசுவதே அபூர்வம், அதையும் மறைத்து! ஒருநாள் வாசலில் நின்று, "அவங்க குடுத்த டீயை வேண்டாம்னு சொன்னேன். அதுவா இருக்குமோ?" என்று கேட்டார். இந்த மனுஷி தன் உடம்பில், நடையில், உடையில் ஒவ்வொன்றாகக் குற்றம் தேடித் தேடி ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிடுவார் போலிருந்தது.

போன் செய்து கேட்டார். நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். கிணற்றில் போட்ட கல்தான். மறுபடி கேட்டார். அதே பதில். அறையை வாடகைக்கு விட்டவரிடம் அந்த மாதக் கடைசி வரை தவணை சொல்லியிருந்தார், அதுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வந்து என்னிடம் கேட்டார்.

"நேரா போய்க் கேக்கலாம்னு இருக்கேன். நீ கூட வரியா?"

"உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அவனுக்கு வாய் கிடையாது. உனக்குத்தான் இருக்கு."

இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா, இல்லையா என்று யோசித்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். வேலை கொடுக்காதவனிடம் போய் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் கூட வா என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்காகவே போனேன்.

சலவைக்கூடம் ஊருக்கு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலிலேயே சூடும் சோப்பு வாசனையும் ஆளை அடித்தன. உள்ளே நீளமான மேஜைகள், இரண்டு இரண்டு பேராகப் பெண்கள். விரிப்பை உதறுகிற சத்தம் படபடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள், அது ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போயிற்று. அண்ணி என் பின்னால் நின்றுகொண்டார்.

சூப்பர்வைசர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எங்களைப் பார்த்தார். அண்ணியை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. நான் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், மூச்சு விடாமல் கொட்டினேன்.

"அம்மா, நாங்க சண்டை போட வரலை. வேலை குடுங்கன்னும் கெஞ்ச வரலை. ஏன் வேண்டாம்னு சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போயிடுவோம். வயசா? வேலை சரியில்லையா? நரைச்ச தலையா? எதுன்னாலும் சொல்லுங்க. இவங்க ராத்திரி பகல் அதையே நெனச்சுட்டு இருக்காங்க."

அந்த அம்மாள் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு எங்களை ஒரு மர பெஞ்சில் உட்காரச் சொன்னார். "இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல. அதனால எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் பழக்கமில்ல" என்றார்.

"சும்மா சொல்லுங்க" என்றார் அண்ணி. வாயைக் கையால் மறைத்திருந்தார்.

"வேலையில ஒரு குறையும் இல்லம்மா. இவ்வளவு சுத்தமா மடிக்கிற கையை நான் பாத்ததில்ல. ஆனா காலையில வந்ததுமே என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? இங்க ரெண்டு பேராத்தான் மடிக்கணும்னு சொன்னேன். ஆஸ்பத்திரித் துணி. மேல படக்கூடாது, தாடையில இடுக்கக்கூடாது, பட்டா திரும்பத் துவைக்கணும். நீங்க தலையாட்டினீங்க."

"ஆமா."

"அப்புறம் எல்லாத்தையும் தனியாவே மடிச்சீங்க."

அண்ணிக்குத் திடுக்கென்றது. தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பழக்கம். மடிக்கிறப்பவே ஒரு குரல் குடுத்திருந்தா மாத்திக்கிட்டிருப்பேனே" என்றார்.

"அதை நான் பெருசா எடுத்துக்கலை. பழக்கம்தானே, ரெண்டு நாள்ல மாறிடும். ஆனா எதிர்ல ஒரு பொண்ணு கையை நீட்டிட்டே நின்னா. நீங்க அவ பக்கம் திரும்பவே இல்ல. இந்தப் பக்கம் குடுங்கக்கான்னு கேட்டா. நீங்க அடுத்ததை எடுத்தீங்க. அப்புறம் கையை இறக்கிட்டு நின்னா. அப்புறம் தண்ணி குடிக்கப் போயிட்டா. திரும்பி வந்து உங்க எதிர்லயே நின்னு பாத்துட்டே இருந்தா. எங்க வேலை இப்படி ஜோடி ஜோடியாத்தான் நடக்குது. ஒருத்தரை இல்லாத மாதிரி நடத்துறவங்களை நான் எப்படிச் சேத்துக்கிறது? இதைக் குறுஞ்செய்தியில எப்படிப் போடுறது, சொல்லுங்க."

அண்ணியிடம் சூடாக ஏதாவது சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இப்படிப்பட்ட குறையைத்தானே நானும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்ற எண்ணம் வேறு. திரும்பி அவரைப் பார்த்தேன். புருவத்தைச் சுருக்கி, கணக்கு ஒன்று புரியாதது போல யோசித்துக்கொண்டிருந்தார்.

"யாரு நின்னா?" என்றார்.

"உங்க எதிர்ல. அந்த நீலச் சட்டை போட்ட பொண்ணு."

"எதிர்ல யாரும் இல்லையே. நான் தனியாத்தானே இருந்தேன்."

பொய் இல்லை. எனக்குப் பொய் தெரியும், நானே சமயத்தில் சரளமாகச் சொல்வேன். அந்த முகத்தில் பொய் இல்லை. சூப்பர்வைசர் அம்மாளுக்கும் அது தெரிந்துவிட்டது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அண்ணியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். நீலச் சட்டைக்காரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம், தடித்த உடம்பு. கண்ணில் படாமல் போகக்கூடிய ஆளே இல்லை.

"நான்தான்கா நின்னேன்" என்றாள். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது குரலில் தெரிந்தது. "என் மேல என்னக்கா கோவம்? நான் என்ன பண்ணேன்?"

அண்ணி எழுந்து நின்றார். அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும், அவள் கோபம் அப்படியே வடிந்து போயிற்று.

எனக்கு அந்த இருட்டு அறையும் ஒற்றை டம்ளரும் புரிந்தன. அது இளக்காரம் இல்லை, அழுத்தமும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்த அறையில் நான் இல்லவே இல்லை. இத்தனை வருஷம் அவமானம் என்று நினைத்து நான் கத்திக்கொண்டிருந்தது அதைவிட மோசமான ஒன்று. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வருத்தப்பட்டதில்லை. ஜன்னல் இல்லாத அறையில் அவரைத் தனியாகவே விட்டுவைத்த அந்த ஓட்டல்காரன் மட்டும் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"ஒண்ணு மடிச்சுப் பாக்கலாமா? உன்கூட" என்றார் அண்ணி அந்தப் பெண்ணிடம்.

"ஆள் போட்டாச்சும்மா. நேத்தே சேந்துட்டாங்க" என்றார் சூப்பர்வைசர்.

"வேலைக்கு இல்ல. தெரிஞ்சுக்கத்தான்."

சூப்பர்வைசர் தலையசைத்தார். அந்தப் பெண் ஒரு விரிப்பை எடுத்து இரண்டு முனைகளை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். இருவரும் உதறினார்கள். அண்ணியின் தாடை தானாகக் கீழே இறங்கியது, அவர் அதைத் தூக்கிக்கொண்டார். நீளவாக்கில் ஒரு மடிப்பு. அது சரியாக வந்தது. பிறகு அந்தப் பெண் தன் முனைகளோடு எதிரே நடந்து வந்தாள். அண்ணியும் நடக்க வேண்டும், ஆனால் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் கிட்டே வந்து, தன் முனையை அண்ணியின் முனையோடு சேர்த்துப் பிடித்தாள். இப்போது அண்ணி கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அண்ணி விடவில்லை.

"விடுங்கக்கா. நான் பிடிச்சிட்டேன்" என்றாள் அவள்.

அண்ணியின் விரல்கள் வெளுத்திருந்தன. விடக்கூடாது என்று இல்லை, எப்படி விடுவது என்று தெரியவில்லை. விட்டால் தரையில் விழும். அவர் விட்ட துணியை வாங்க எதிரில் ஒரு கை இருந்து எவ்வளவு காலமாயிற்று! அந்தப் பெண் இழுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. "நான் பிடிச்சிட்டேன்கா" என்று இன்னொரு முறை மெதுவாகச் சொன்னாள். சூப்பர்வைசர் ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொண்டார். கடைசியில் அண்ணி ஒவ்வொரு விரலாக எடுத்தார். விரிப்பு விழவில்லை. கைகளை மட்டும் கீழே இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் போய் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வாசல் வரை வந்த சூப்பர்வைசர், "வந்து கேட்டது நல்லதாப் போச்சும்மா" என்றார். அடுத்த முறை பார்க்கலாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பாதி வழி வரை பேச்சே இல்லை. நானும் பேசவில்லை, அதை என் கணவர் நம்பவே மாட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணி சொன்னார்.

"தம்பிகிட்ட சொல்லிடு. நான் உங்க வீட்டுக்கு வரலை."

"ரூமைக் காலி பண்ணிட்டு எங்க போவீங்க?"

"எங்கயாவது. உன் வீட்டுக்கு வந்தா, நீயும் அந்தப் பொண்ணு மாதிரி எதிர்ல நிப்பே. நான் பாக்க மாட்டேன். வேணும்னு இல்ல. நெஜமாவே தெரியலை எனக்கு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

கை இரண்டையும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். சாயம் போன இடத்தில் காதோரம் நரை மறுபடி எட்டிப் பார்த்தது. என் பின்னறை, என் மெஷின், என் நிம்மதி எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன, வரவில்லை என்று சொன்னால் அது பொய். அவை எல்லாம் மனதில் இருக்கும்போதேதான் நான் சொன்னேன்.

"அண்ணி, நான் என்ன அந்தப் பொண்ணு மாதிரி கையை நீட்டிட்டு நின்னுட்டு, தண்ணி குடிக்கப் போயிடுற ஆளா? கத்துவேன். நீங்க திரும்புற வரைக்கும் நின்ன இடத்துலயே நின்னு கத்துவேன். பேசாம வந்து சேருங்க."

என் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் மட்டும் திரும்பவில்லை. நான் மறுபடியும் சொன்னேன்.